அச்சுக்குப் பொறுப்பு யார்? இந்திய ஒளிப்பட வரலாற்றிலிருந்து ஒரு கேள்வி

ஒளிப்படத்தின் வரலாறு பெரும்பாலும் கேமராவின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. யார் எடுத்தார், எந்த ஆண்டில் எடுத்தார், எந்தக் கருவியால் எடுத்தார் என்பதோடு அது நிறைவு கொள்கிறது. ஆயினும் ஆவணக் காப்பகத்தில் ஆய்வாளரின் மேசைக்கு வருவது பெரும்பாலும் தாளில் பதிந்த அச்சுதான். எடுக்கப்பட்ட படங்களுள் அச்சானவை சில. அச்சானவற்றுள் நூறாண்டு கடந்து நிற்பவை மிகச் சில. அவ்வாறு நிற்கும் ஒவ்வொன்றின் பின்னும், அச்சு எப்படி அமைய வேண்டும் என்று தீர்மானித்து அதற்குப் பொறுப்பேற்ற ஒரு கை இருந்திருக்கிறது.

இந்தத் துறையில் ஆய்வு செய்பவன் என்பதால், “கைபேசியில் எடுத்த படங்களை நல்ல தரத்தில் அச்சிட வேண்டும், என்ன செய்யலாம்?” என்று நண்பர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. அதற்குரிய விடையில் பாதி வரலாற்றில் இருக்கிறது. எனவே அங்கிருந்து தொடங்குகிறேன். பதிவு சற்று நீளமானது, பொறுத்தருள்க.

1839இல் பாரிஸில் அறிவிக்கப்பட்ட டாகுவேரின் முறை, அடுத்த ஆண்டே கல்கத்தாவை எட்டிவிட்டது. ஆனால் அம்முறையில் அச்சு என்ற ஒன்றே கிடையாது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் விழுந்த உருவமே இறுதிப் படம். அதற்குப் படி எடுக்க வழியில்லை. இங்கிலாந்தில் டால்பட் கண்ட முறை வேறு. முதலில் தாளில் நெகடிவ், பின்னர் அதிலிருந்து வேண்டிய அளவு அச்சுகள். ஒரு படத்துக்கு இரண்டு பிறப்புகள் உண்டு என்ற நிலை அப்போதுதான் உருவானது. 1854இல் பம்பாயிலும், 1856இல் கல்கத்தாவிலும் சென்னையிலும் ஒளிப்படச் சங்கங்கள் தோன்றியபோது இந்த இரண்டாம் முறையே பரவிக்கொண்டிருந்தது.

அதனோடு ஒரு சிக்கலும் வந்தது. தாளில் பதித்த படங்கள் சில ஆண்டுகளிலேயே வெளிறிப் போயின. இதன் காரணத்தைக் கண்டறிய 1855இல் லண்டன் ஒளிப்படச் சங்கம் ஒரு குழுவை அமைத்தது. அக்குழு முதன்மையாகச் சுட்டிய காரணங்கள் மூன்று: படத்தை நிலைநிறுத்தப் பயன்படும் ஹைப்போ உப்பு சரியாகக் கழுவப்படாமல் தாளில் தங்கிவிடுவது, காற்றில் உள்ள கந்தக வாயுக்கள், ஈரப்பதம். தங்கக் கரைசலில் அச்சைத் தோய்த்தெடுத்தால் உருவம் நெடுங்காலம் நிற்கும் என்றும் அது பரிந்துரைத்தது. லண்டனுக்கே ஈரம் பகை என்றால், வங்காளத்துக்கும் கொங்கணத்துக்கும் மலபாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் ஒளிப்படம் எடுத்தவர்களுக்கு, அச்சின் ஆயுள் என்பது தொடக்கம் முதலே அன்றாடக் கவலையாக இருந்தது.

அந்தக் கவலையை ஒரு பணிமுறையாகவே மாற்றியவர் லின்னேயஸ் டிரைப். சென்னைப் படைப்பிரிவைச் சேர்ந்த இந்த அதிகாரி, 1855இல் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவுடன் பர்மாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் படமெடுத்தது சில மாதங்கள்தாம். திரும்பி வந்து பெங்களூரில் அச்சிடும் பணிக்கு அதைவிட நீண்ட காலம் தேவைப்பட்டது. ஒரு தொகுப்புக்கு 120 படங்கள். மொத்தம் 50 தொகுப்புகள். ஆக 6,000 அச்சுகள். ஒவ்வொன்றும் நெகடிவோடு சேர்த்துச் சட்டத்தில் அழுத்தப்பட்டு, வெயிலில் வைக்கப்பட்டு, நிறம் ஏறும் தருணம் பார்த்து எடுக்கப்பட்டு, தங்கக் கரைசலில் தோய்ந்து, ஹைப்போவில் நின்று, பலமுறை நீரில் அலசப்பட்டாக வேண்டும். வெயிலின் கடுமையும் நீரின் தூய்மையும் நாளுக்கு நாள் மாறும். கண்காணிக்க ஒருவர் இல்லையெனில் ஆறாயிரமும் ஆறாயிரம் விதமாக அமைந்திருக்கும். இன்று அருங்காட்சியகங்களில் உள்ள அவருடைய அச்சுகளின் செறிவும் ஒழுங்கும், அந்தக் கண்காணிப்பின் விளைவு.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். அக்கால நெகடிவில் வானம் வெறும் வெண்மையாகவே அச்சாகும். டிரைப் தம் மெழுகுத்தாள் நெகடிவ்களின் மேல் வண்ணம் தீட்டி, வானத்தில் மேகங்களை வரவழைத்தார். மரங்களின் இலைத்தொகுதிகளைத் திருத்தினார். அச்சுக்கு முன் படத்தைத் திருத்துவது கணினி கொண்டுவந்த பழக்கம் என்று கருதுவோர் இதைக் கவனிக்கலாம். அந்தத் திருத்தத்தின் தன்மையையும் கவனிக்க வேண்டும். எங்கே, எவ்வளவு என்பதை அவர் கையே முடிவு செய்தது.

1856இல் சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞராக நியமிக்கப்பட்ட டிரைப், 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டுத் திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை வழியாகப் பயணம் செய்தார். தஞ்சைப் பெரிய கோயிலில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை வரிசையாகப் படமெடுத்து, 21 அச்சுகளை ஒன்றோடொன்று பொருத்தி, 19 அடிக்கும் மேல் நீளமுள்ள ஒரே படமாக அமைத்தார். 21 துண்டுகளும் ஒரே சாயலில் அச்சானால்தான் அது ஒரு சுவராகத் தெரியும். ஒரு துண்டு வெளிறியிருந்தாலும் எழுத்து மறையும். அழகுக்காக மட்டுமின்றி, படிக்கப்பட வேண்டியது படிக்கப்படுவதற்காகவும் அச்சின் தரம் தேவைப்பட்ட இடம் இது.

இந்த முயற்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1859இல் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்லஸ் டிரெவெலியன், அரசின் நிதி நெருக்கடியில் இது ஓர் ஆடம்பரம் என்று கருதி நிறுத்திவிட்டார். நல்ல அச்சுக்குச் செலவு உண்டு, அச்செலவு வீண் என்று சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார் என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

அடுத்து வந்தது வணிகக் காலம். முட்டை வெண்கரு பூசிய ஆல்புமென் தாள், கண்ணாடி நெகடிவின் நுண்மையைத் தாளில் கொண்டுவந்தது. 1863இல் இந்தியா வந்த சாமுவேல் போர்ன், இமயமலைப் பயணங்களில் எடுத்த படங்களால் புகழ்பெற்றார். அவர் பெயரைத் தாங்கிய போர்ன் அண்டு ஷெப்பர்டு நிறுவனம் படங்களுக்கு எண்ணிட்டுப் பட்டியல் வெளியிட்டது. எண்ணைக் குறிப்பிட்டு யாரும் அச்சு வாங்கலாம். அந்த அச்சுகள் ஆல்பங்களில் ஒட்டப்பட்டு உலகெங்கும் பரவின. அந்நிறுவனத்தின் கல்கத்தாக் கட்டடத்தில் 1991இல் தீப்பிடித்தபோது, அங்கே சேமிப்பில் இருந்தவற்றுள் பெரும்பகுதி அழிந்தது. 2016இல் நிறுவனமும் மூடப்பட்டது. அதன் பழைய படங்களை இன்று நாம் காண முடிவது, அவை தரமான அச்சுகளாக வெவ்வேறு வீடுகளிலும் நூலகங்களிலும் முன்னரே பிரிந்து கிடந்ததால்தான். ஒரே இடத்தில் குவித்த மூலத்தைவிட, பல கைகளில் பரவிய அச்சு பாதுகாப்பானது. தங்கள் படங்களையெல்லாம் ஒரே கைபேசியில் வைத்திருப்போர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

இதற்கு மறுபுறமாக லாலா தீன் தயாளைச் சொல்லலாம். 1844இல் பிறந்து 1905இல் மறைந்த இவர், ஹைதராபாத் நிஜாமின் அரசவை ஒளிப்படக் கலைஞர். இவருடைய 2,000-க்கும் மேற்பட்ட கண்ணாடி நெகடிவ்களை 1989இல் தில்லியின் இந்திரா காந்தி தேசியக் கலை மையம் பெற்றது. நெகடிவ் மிஞ்சியது நற்பேறு. ஆனால் நெகடிவ் மட்டும் முழுமையான சான்று ஆகாது. அதிலிருந்து இன்று நாம் எடுக்கும் அச்சு, இன்றைய கண்ணின் அச்சு. எந்த அடர்த்தியில், எந்தச் சாயலில், எந்த ஓரத்தை வெட்டி அவர் தம் வாடிக்கையாளரிடம் கொடுத்தார் என்பதை அறிய, அவர் காலத்து அச்சையே தேட வேண்டும். எடுத்தவரே பொறுப்பேற்றுச் செய்த அச்சில், நெகடிவில் இல்லாத ஒரு வாக்குமூலம் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பொறுப்பு சிற்றூர்களின் ஸ்டுடியோக்களுக்கு இறங்கி வந்தது. வெயிலில் அச்சிடும் முறை மறைந்து, இருட்டறையில் விளக்கொளியால் பெரிதாக்கும் புரோமைடு தாள் வந்தது. நெகடிவின் மேல் கூரிய பென்சிலால் முகச் சுருக்கத்தைத் திருத்துவது, ஒளி விழும்போது விரல்களால் நிழல் காட்டி முகத்தைக் காப்பது, அச்சின் மேல் கையால் வண்ணம் தீட்டுவது ஆகியவை தொழில் நுணுக்கங்களாயின. 1960இல் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய உதகமண்டலத்தின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் படச்சுருளும் புரோமைடு தாளும் தயாரித்தது. நாட்டின் எண்ணற்ற கறுப்பு வெள்ளைப் படங்கள் நீலகிரியில் உருவான தாளில் பதிந்தவை. 1990களில் அந்நிறுவனம் நலிவுற்றது; பின்னர் மூடப்பட்டது.

அந்தக் கறுப்பு வெள்ளை அச்சுகளுள் நன்கு கழுவப்பட்டவை இன்றும் உறுதியாக இருக்கின்றன. அவற்றுக்குப் பின் எடுக்கப்பட்ட வண்ணப் படங்கள் அப்படி இல்லை. 1970களிலும் 80களிலும் அச்சான வண்ணப் படங்கள் பல வீடுகளில் செந்நிறமாகிவிட்டன. வெளிச்சமே படாமல் ஆல்பத்துக்குள் இருந்தவையும் சிவந்துள்ளன. அக்காலத் தாள்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் இருளிலும் தானே சிதைந்ததே காரணம். தாத்தாவின் படம் தெளிவாகவும் தந்தையின் திருமணப் படம் சிவந்தும் இருக்கும் விந்தை இப்படித்தான் நேர்ந்தது. காலத்தால் புதியது என்பதாலேயே ஓர் அச்சு நெடுநாள் நிற்காது.

வண்ணத்தோடு இன்னொரு மாற்றமும் வந்தது. 1976இல் ஜப்பானின் நோரிட்சு நிறுவனம் மினி லேப் இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. கடைக்குள்ளேயே, ஒரு மணி நேரத்துக்குள், சுருள் முழுதும் அச்சாகி வெளிவரலாயிற்று. இருட்டறையில் ஒருவர் படத்துக்குப் படம் எடுத்த முடிவை, இப்போது இயந்திரம் சராசரிக் கணக்கில் எடுத்தது. அந்தச் சராசரி யாருடையது என்று கேட்க வேண்டும். 1950களிலிருந்து வண்ண அச்சுக் கூடங்கள் தம் இயந்திரங்களைச் சரிசெய்ய, கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரி அட்டைகளைப் பயன்படுத்தின. ‘ஷர்லி அட்டை’ என அழைக்கப்பட்ட அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்தால் அச்சு சரி. அந்த அளவுகோலில் கறுத்த தோல் ‘வெளிச்சம் குறைந்த படம்’ ஆகிவிடுகிறது.

டிஜிட்டல் காலம் இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது. 1996இல் வந்த ஃபுஜியின் ஃபிரான்டியர் இயந்திரம், டிஜிட்டல் கோப்பை லேசர் ஒளியால் தாளில் எழுதியது. பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு: இத்தகைய ‘டிஜிட்டல் லேப்’ அச்சு இன்றும் வெள்ளி உப்புப் பூசிய தாளில், ரசாயனக் கரைசலில் உருவாவதுதான். டால்பட்டின் மரபு அறுபடவில்லை. அறுபட்டது பொறுப்பு. கோப்பு உள்ளே போனதும் மென்பொருள் தானே வெளிச்சத்தைக் கூட்டுகிறது, முகத்தைக் கண்டுபிடித்து வெளுப்பாக்குகிறது, ஓரத்தை வெட்டுகிறது. கேட்டால், “மெஷின் அப்படித்தான் சார் எடுக்கும்” என்ற விடை வரும். டிரைப் மேகத்தை வரைந்தபோது அதற்கு அவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்றார். இன்று ஒரு மூதாட்டியின் முகம் நான்கு படி வெளுத்து அச்சாகும்போது, அதற்குப் பொறுப்பு எவரும் இல்லை. நாளை அந்த அச்சைப் பார்க்கும் பேத்தி, பாட்டியின் நிறம் அதுவே என்று நம்புவாள். ஓர் ஆவணம் பொய்யாவது இவ்வாறுதான்.

எனவே நண்பர்களின் கேள்விக்கு என் விடை: அச்சின் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த கடையைத் தேடுவது அதற்குப் பின்னர்தான். ஏற்பது கடினமன்று. கவனிக்க வேண்டியவை இவை.

முதலாவது, மூலக் கோப்பு. டிரைப்பின் நெகடிவ் ஏறத்தாழ 10 அங்குலத்துக்கு 14 அங்குலம். அச்சும் அதே அளவு. பெரிய அச்சு வேண்டுமெனில் பெரிய நெகடிவ் வேண்டும். இன்றும் கணக்கு அதுவே. கையில் வைத்துப் பார்க்கும் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது நல்ல அளவு. 4000க்கு 3000 பிக்சல் கொண்ட கைபேசிப் படம் 13 அங்குல அகலம் வரை தெளிவாக அச்சாகும். அதையே வாட்ஸ்அப் வழியே வழக்கம்போல் அனுப்பினால், நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். 12 அங்குல அச்சில் அது அங்குலத்துக்கு 133 பிக்சல்தான். முடி இழைகளும் சேலைக் கரையும் கரைந்துபோகும். பென் டிரைவில் கொண்டு செல்லுங்கள். இயலாவிட்டால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். அப்போது கோப்பு சுருங்காது.

இரண்டாவது, வடிவம். பெரும்பாலான கைபேசிப் படங்கள் நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் உள்ளவை. 4க்கு 6 அங்குலத் தாள் மூன்றுக்கு இரண்டு. நிரப்பி அச்சிட்டால் படத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டப்படும். குழுப் படத்தில் பின்வரிசைத் தலைகள் போவது இதனால்தான். எதை வெட்டுவது என்பதை நீங்களே முன்கூட்டி முடிவு செய்யுங்கள். அல்லது ஓரத்தில் வெள்ளை விட்டு முழுப் படத்தையும் அச்சிடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வெளிச்சமும் நிறமும். கைபேசித் திரை தானே ஒளி வீசுவது. தாள் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவது. முழு வெளிச்சத்தில் வைத்த திரையில் சரியாகத் தெரியும் படம், தாளில் இருண்டு வரும். திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துப் பார்த்துத் திருத்துங்கள். கோப்பு எஸ்ஆர்ஜிபி என்ற நிற வரையறையில் இருக்கட்டும்; சாதாரண லேப்கள் எதிர்பார்ப்பது அதையே. பின்னர் கடையில் தெளிவாகச் சொல்லுங்கள்: “ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம், முகத்தை வெளுப்பாக்க வேண்டாம்.” பெரிய அச்சுக்கு முன் சிறிய அளவில் ஒன்று எடுத்து, வீட்டுக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இருட்டறைக் கலைஞர்கள் சோதனைத் துண்டு ஒன்றை எடுத்துப் பார்க்காமல் முழுத் தாளை வீணாக்கியதில்லை.

நான்காவது, தாளும் மையும். நெடுநாள் வைக்க வேண்டிய படத்துக்கு நல்ல லேபின் வெள்ளி உப்புத் தாள், அல்லது நிறமி மை கொண்டு பருத்தித் தாளில் எடுக்கும் இங்க்ஜெட் அச்சு ஏற்றது. வீட்டு அச்சுப்பொறிகளின் சாய மை, மலிவான தாளில் காற்று பட்டே மங்கிவிடக்கூடும்.

ஐந்தாவது, காப்பு. 1855இன் குழு சொன்ன பகைகள் இன்னும் நம் வீட்டில்தான் இருக்கின்றன. சட்டத்தின் கண்ணாடி அச்சைத் தொடக் கூடாது. மழைக்கால ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். இடையில் அட்டை வைக்கச் சொல்லுங்கள். மறைந்தோரின் படங்களுக்கு ஈர மாலையைச் சட்டத்தின் மேல் நேரடியாகச் சாத்துவதையும் தவிர்க்கலாம். லேமினேஷன் செய்தால் பின்னர் பிரிக்கவே முடியாது. பசை பூசிய பக்கங்களில் மெல்லிய பிளாஸ்டிக் மூடிய ஆல்பங்கள், காலப்போக்கில் படத்தைக் கறைப்படுத்துகின்றன. அச்சின் மூலைகளை மட்டும் பிடிக்கும் சாதாரண அட்டை ஆல்பமே நல்லது.

எல்லாப் படங்களையும் அச்சிட இயலாது, தேவையும் இல்லை. டிரைப் பர்மாவில் 200க்கும் மேற்பட்ட நெகடிவ்களை எடுத்து, அவற்றுள் 120ஐத் தேர்ந்தார். ஆண்டுக்குப் பத்துப் படங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். ஆல்பத்தில் படத்தின் கீழே பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதுங்கள். பழைய ஆல்பங்களைப் புரட்டும் ஆய்வாளனாகச் சொல்கிறேன்: மிக அழகான அச்சிலும் நான் முதலில் தேடுவது அந்தப் பென்சில் வரியைத்தான். அது இல்லாத முகங்கள் பல காப்பகங்களில் ‘அடையாளம் தெரியாத பெண்’, ‘அடையாளம் தெரியாத குடும்பம்’ என்ற பெயரிலேயே பட்டியலில் உறைந்து கிடக்கின்றன.

உங்கள் வீட்டில் 1980க்கு முந்தைய ஸ்டுடியோ அச்சு இருந்தால், அதன் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். ஸ்டுடியோவின் முத்திரையோ, ஊரோ, வரிசை எண்ணோ இருந்தால் இங்கே எழுதுங்கள். அந்த அச்சுக்குப் பொறுப்பேற்ற கையின் சுவடு அது. தொகுத்து வைப்போம்.